தைமி யாரிடமும் வண்டி கேட்டதில்லை

பதினேழு வருஷமாகத் தைமி யாரிடமும் “என்னைக் கொஞ்சம் கொண்டுபோய் விடு” என்று கேட்டதில்லை. பனி இடுப்பளவு விழுந்த அன்றும் கேட்டதில்லை, பல்வலியில் கன்னம் வீங்கிப்போன அன்றும் கேட்டதில்லை. ஃபின்லாந்தின் வடகோடியில், பக்கத்து வீடு என்பதே அரை மைல் தள்ளியிருக்கிற கல்லியோவாரா போன்ற ஊரில் ஒருத்தி இப்படி இருந்தால் திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்பாள் தைமி.

அந்தத் திமிர் பிறந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்பத்தோரு வயதில், இரண்டு பைகளோடு அவள் வாசலில் நின்றபோது, கணவன் ரௌனோ காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: “போ, போ. வண்டி ஓட்டத் தெரியாத பொம்பள இந்த ஊர்ல எத்தன நாள் தாக்குப்பிடிக்கிறான்னு பாக்குறேன். பனி விழட்டும், நீயே வந்து நிப்ப.” இருபது வருஷம் கார்ச் சாவியைக் கண்ணிலேயே காட்டாத மனுஷன் பேசிய பேச்சு இது.

அந்தக் கோடை முழுக்கத் தைமி கொசுக்கடியோடு சதுப்பு நிலங்களில் குனிந்து மஞ்சள் பெர்ரி பொறுக்கி விற்றாள். லைசென்ஸ் எடுத்தாள். அப்போதே பழசாகியிருந்த ஒரு நீலக் காரை வாங்கினாள். முதல் பனி விழுந்த அன்று ரௌனோ வீட்டைத் தாண்டும்போது நீளமாக ஒரு ஹாரன் அடித்தாள். இன்றைக்கும் அந்த வீட்டைத் தாண்டினால் அடிக்காமல் போவதில்லை.

இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வழக்கமான பட்டாணி சூப்பையும் பான்கேக்கையும் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வந்து காரைக் கிளப்பினாள். கிளம்பியது, இரண்டு முறை இருமியது, நின்றுவிட்டது. மறுபடியும் அதே கதை. வெளியே மைனஸ் முப்பத்து மூன்று. தலைமையாசிரியர் தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். “நடந்தா ஒடம்புக்கு நல்லது சார்” என்று சொல்லிவிட்டுத் தைமி நடந்தாள். வீடு சேரும்போது இமைமயிரெல்லாம் உறைந்து ஒட்டியிருந்தது.

மறுநாள், தங்கை சில்வியின் கணவன் உர்போ கயிறு கட்டிக் காரை இழுத்து வந்து முற்றத்தில் விட்டான். ஊர் டிராக்டர்களைப் பழுது பார்ப்பவன்; தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினான். வெள்ளையாக, கெட்டித் தயிர் மாதிரி அப்பியிருந்தது.

“பாத்தியாக்கா? ரேடியேட்டர் தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு. ரெண்டையும் பிரிச்சு வெக்கிற ஹெட் கேஸ்கெட் காலி. கொஞ்ச நாளாவே வெள்ளப் பொகையா விட்டுச்சுல்ல?”

“இந்தக் குளிர்ல எந்த வண்டிதான் வெள்ளையா விடல?”

“சொன்னா கேளு. இந்தக் கெழட்டு வண்டிக்கு இன்ஜினைப் பிரிக்கிறது வீண். நாளைக்கு டிரெய்லர் கொண்டாறேன், ஒடைக்கிற எடத்துல தள்ளிடலாம். தெனம் காலைல நானே ஒன்னக் கொண்டுபோய் விடுறேன். சில்விய நான்தானே எல்லா எடத்துக்கும் கூட்டிட்டுப் போறேன். அவளுக்கென்ன கொறஞ்சு போச்சு?”

உர்போவோடு வந்து வாசலில் நின்ற சில்வி கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன குறைந்துபோனது என்று அவள் சொல்லவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

கார் போனால் போகட்டும். ஆனால் தைமி, திங்கள்கிழமை காலை உர்போவின் காருக்காக ஜன்னலோரம் காத்து நிற்கும் தன்னை நினைத்துப் பார்த்தாள். பின்னால் நின்று ரௌனோ சிரிப்பது போல இருந்தது.

சனிக்கிழமை, எல்லா வீடுகளிலும் செய்வது போல, ஆவிக் குளியலறையான சௌனாவின் கல் அடுப்பை மூட்டினாள். என்ன நினைத்தாளோ, சாயங்காலத்துக்குப் பதில் காலையிலேயே மூட்டிவிட்டாள். பிறகு கார்ப்பக்கம் போனாள். முதலில் ரேடியேட்டர் தண்ணீர் டப்பா. இலையுதிர் காலத்தில் அவளே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. ஒரு சொட்டு குறையவில்லை என்றால் ஆயிலில் எது போய்க் கலந்தது? தினம் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி, சூடேறும் முன்பே அணைந்துபோகும் இன்ஜினுக்குள் வியர்த்த வியர்வைதான் அந்தத் தயிர். பள்ளிக்கூடத்துச் சட்டி மூடியின் உள்பக்கம் இத்தனை வருஷமாக அவள் பார்க்காத வியர்வையா?

அடுத்து, ரொட்டி சுற்றி வந்த மெல்லிய பையைப் புகைக்குழாயின் வாயில் மாட்டி ரப்பர் பேண்டு போட்டாள். உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் திணறிச் செத்தது. இறங்கி வந்து பார்த்தால் பை சுருங்கியபடியே கிடந்தது. மூச்சே வெளியே வரவில்லை.

முற்றத்துப் பனியைப் பார்த்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. ஒவ்வொரு குளிர்காலமும் சைலன்சருக்கு நேர் கீழே, சொட்டிச் சொட்டி முட்டை அளவில் ஒரு பனிக்கட்டி வளரும். இந்த வருஷம் அது இல்லை. பனியைத் தோண்டிவிட்டுக் காரடியில் நுழைந்து சைலன்சரின் வயிற்றைத் தடவினாள். மேடாக ஒரு வெல்டிங் பொட்டு விரலில் தட்டியது. தைமி அப்படியே மல்லாந்து படுத்தபடி சிரித்தாள்.

நண்பகலில் உர்போ டிரெய்லரோடு வந்தான். சில்வி இலவங்கப்பட்டை பன்களோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“சாவியக் குடுக்கா, ஏத்திடலாம்.”

“சாவி கெடக்கட்டும். போன இலையுதிர்ல, வண்டிய வருஷச் சோதனைக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி சைலன்சர்ல என்ன பண்ணுன?”

“அடியில துருப்பிடிச்சு ஒரு ஓட்டை. நான்தான் அழகா அடைச்சுக் குடுத்தேனே! அதுக்குத் தேங்க்ஸ் சொல்லு மொதல்ல.”

“வட்டமா இருந்துச்சா ஓட்டை?”

“ஆமா, சின்னதா, நல்ல வட்டமா...”

“துரு எப்பய்யா காம்பஸ் வெச்சு வட்டம் போட்டுச்சு? தண்ணி வடியறதுக்கு வண்டி செஞ்சவன் வெச்ச ஓட்டை அது. தண்ணி தேங்கி உள்ளேயே ஒறஞ்சுபோச்சு. இன்ஜினு மூச்சு முட்டிச் சாகுது, நீ கேஸ்கெட்டுங்கற.”

“அதெல்லாம் சும்மா. அக்கா, நீ சமையக்காரி...”

“ஆமா, சமையக்காரிதான். ஆவி போற எடத்துல தண்ணி நிக்கும்னு எனக்குத் தெரியும். நில்லு.”

இரும்பு வாளியில் சௌனா அடுப்பில் பழுக்கக் காய்ந்த கற்களை இடுக்கியால் அள்ளிக்கொண்டு வந்தாள். பெட்ரோல் டேங்கை விட்டு நன்றாகத் தள்ளி, சைலன்சருக்கு நேர் கீழே வாளியை வைத்தாள். உர்போ கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காபி குடித்தார்கள், பன் தின்றார்கள். இரண்டாவது வாளிக் கல் மாற்றியபோது உள்ளே ஏதோ சளக்கென்றது. வாளியை எடுத்துவிட்டுத் தைமி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமியது, முக்கியது. அவள் மிதியை அழுத்தினாள். பொட்டென்று ஒரு பனிக்கட்டி குழாயிலிருந்து பறந்து உர்போவின் முழங்காலில் பட்டது. பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் பீச்சியடித்து அவன் கால்சட்டையை நனைத்தது. அதன் பிறகு கார் ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள். வீட்டுக்குள்ளிருந்து துளைபோடும் மெஷினைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“அடைச்சது நீ. தொறக்கறதும் நீயே தொற.”

“பனியிலயா படுக்கச் சொல்ற?”

“நான் காலைல அங்கதான் படுத்திருந்தேன். நல்லாத்தான் இருக்கு.”

உர்போ படுத்தான். துளை விழுந்ததும் மிச்சத் தண்ணீர் அவன் சட்டைக் கைக்குள் வடிந்தது. அவன் சபித்தது பாதி ஊருக்குக் கேட்டிருக்கும். தைமிக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது.

“நல்லா சூடேத்தி உள்ளயெல்லாம் காயணும். அறுபது கிலோமீட்டராவது ஓட்டிட்டு வரேன்” என்று கார்க் கதவைத் திறந்தாள். மறுபக்கக் கதவும் திறந்தது. சில்வி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“ஏய், நீ எங்க போற? நம்ம வண்டி இங்க நிக்குது” என்றான் உர்போ, பனியை உதறியபடி.

“அது ஒன் வண்டி” என்றாள் சில்வி.

ரௌனோ வீட்டைத் தாண்டும்போது ஹாரன் வழக்கத்தைவிட நீளமாக ஒலித்தது. அடித்தது சில்வி, பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிக் கையை வைத்துவிட்டாள். நகரத்துச் சாலை வலப்பக்கம் திரும்பியது. தைமி இடப்பக்கம் திரும்பி, சரிவில் இறங்கி, கெட்டியாக உறைந்து ஆளரவமற்றுக் கிடந்த ஏரியின் மேல் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். நான்கு பக்கமும் மோதுவதற்கு ஒன்றுமில்லை.

“எறங்கு. இந்தப் பக்கம் வா.”

சில்வி வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஐம்பத்து நான்கு வயது அவளுக்கு.

“அக்கா, இதுல எந்த மிதி எதுக்கு?”