சிறகில் ஒட்டிய சாம்பல்

சுரங்க மண்மேட்டில் நடுவதற்குத் தைலமரக் கன்று வளர்க்கும் நாற்றங்காலில் பூச்சி பார்ப்பது என் வேலை. அந்த வருடம் கன்றுகளின் இலைக்காம்பெல்லாம் உருண்டை உருண்டையாக வீங்கின. வீக்கத்தை உண்டாக்குவது எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி. அதைக் கொல்லும் இன்னொரு குளவியும் அதே வீக்கத்திலிருந்துதான் வெளியே வரும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மைக்ராஸ்கோப்பில் வைத்து முன்சிறகின் நரம்பைப் பார்க்க வேண்டும். ஒரு முடி இருந்தால் அது கொல்லும் குளவி, நல்லது. மூன்று, நான்கு என்றால் கெட்டது. முடி உதிர்ந்திருந்தால் அது முளைத்த இடம் புள்ளியாகத் தெரியும். அதையும் எண்ணுவேன்.

நல்லது வந்திருந்தால் கன்றுகளை விட்டுவைக்கலாம். கெட்டதே வந்துகொண்டிருந்தால் அத்தனையையும் பிடுங்கிக் கொளுத்த வேண்டும். கன்று இல்லையென்றால் தண்ணீர் ஊற்றும் ஒன்பது பெண்களுக்கும் கான்ட்ராக்ட் இல்லை.

அவர்களில் ஒருத்தி என் வயதுக்காரி. அவள் ஊர் இருந்த இடத்தில் இப்போது சுரங்கம் இருக்கிறது. நான் எண்ணிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

“சார், புதுக் கொழுந்துல வீக்கமே இல்லிங்க. தெனம் பாத்துகினுதான இருக்கேன். இது வேற பூச்சிங்க.”

“மைக்ராஸ்கோப் உன்கிட்ட இருக்கா, என்கிட்ட இருக்கா?”

“உங்ககிட்டதாங்க. பர்மனென்ட்டு, ஃபேனு, மைக்ராஸ்கோப்பு எல்லாம் உங்ககிட்டதான். எங்ககிட்ட பூவாளிதான் இருக்கு.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. மறுபடி பார்க்காமல், கண்ணில் பட்டபடி நான்கு புள்ளி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கொளுத்தினார்கள். அவளையே பிடுங்கிப் போட வைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து மீதியிருந்த பூச்சிகளை எடுத்து ஸ்பிரிட்டில் கழுவினேன். முதலிலேயே கழுவியிருக்க வேண்டும். மூன்று புள்ளிகள் மிதந்து போயின. ஒன்று நின்றது. அடுத்ததிலும் ஒன்று. எல்லாவற்றிலும் ஒன்றுதான். மிதந்து போனது சுரங்கத்தை ஒட்டிய அனல்மின் நிலையத்துச் சாம்பல். அது படியும் துணிக்கொடியையும் டிபன் மூடியையும் துடைத்துத் துடைத்தே வளர்ந்தவன் நான். சிறகைக் கழுவவில்லை.

ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் களை பறிக்கப் போய்வருகிறாளாம். அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள்தான்.

“நீ சொன்னதுதான் சரி. அது நல்ல பூச்சி,” என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அத எழுதித் தருவீங்களா சார்? மேஸ்திரி, பூச்சிக்கு நாங்கதான் காரணம்னு சொல்லிகினு கெடக்கறான். தண்ணி சரியா ஊத்தலியாம். புது நாத்துக்கு வேற ஆள வெச்சிட்டான். உங்க கையெழுத்து இருந்தா எங்கள எடுத்துக்குவான்.”

“பாக்கறேன்,” என்றேன்.

பஸ் வந்தது, ஏறிப் போனாள். எழுதினால் என் கையெழுத்துக்கு எதிராக நானே எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை. புது நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் என் ஜன்னல் பக்கமே வருவதில்லை.