ஏழாவது உருளைக்கிழங்கு

அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டில் பல வருடங்கள் கார் நின்றதே இல்லை. "என் வண்டி வெயில்ல வறுபடுது, உன் வாண்டுங்க நிழல்ல உட்கார்ந்து பேப்பர் சுருட்டுதுங்க" என்று அவர் தங்கையைக் கேலி செய்யாத வாரம் கிடையாது. இப்போது வண்டி உள்ளேதான் நிற்கிறது. கேலி செய்யத்தான் தங்கை இல்லை. சுவரிலிருந்த படங்களையெல்லாம் இறக்கிய அண்ணன், கரும்பலகைக்கு மேலே ஆணியில் நூல் கட்டித் தொங்கிய ஒரு மூங்கில் குச்சியை மட்டும் தொடவில்லை. அவள் இருந்தபோது, அது என்ன என்று யாராவது கேட்டால் "என் சர்டிபிகேட்" என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள்.

அவளுடைய விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை உரிந்துகொண்டிருக்கும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் பசை அக்கா. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் குடும்பங்களின் சின்னப் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் அவளிடம் வந்தார்கள். வீட்டில் தனியாகப் படிக்கிற பிள்ளைக்குச் சண்டை போடவாவது ஒரு கூட்டாளி வேண்டுமே. மண், தண்ணீர், அட்டை, கயிறு என்று எதையாவது நடுவில் கொட்டிவிட்டு அவள் ஒதுங்கிக்கொள்வாள்.

அதற்கு முன்னால் அவள் பள்ளிக்கூட டீச்சர். கண்காட்சி வந்தால் டீச்சர்கள் விடிய விடிய உட்கார்ந்து எரிமலையும் காற்றாலையும் செய்வார்கள். பிள்ளைகள் தங்கள் பெயர்ச்சீட்டை மட்டும் ஒட்டுவார்கள். ஒருமுறை முதல் பரிசு வாங்கிய பையன் கோப்பையோடு வந்து, "மிஸ், நான் என்ன செஞ்சேன்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்றான். அந்த வருடத்தோடு வேலையை விட்டாள்.

அதனால் ஷெட்டில் இரண்டே சட்டம். பிள்ளைகள் செய்வதில் பெரியவர்கள் கை படக்கூடாது. கிளம்பும் முன் வட்டமாக உட்கார்ந்து, இன்றைக்கு எது சொதப்பியது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொன்னவருக்கு மற்றவர்கள் கை தட்ட வேண்டும். அவளும் தன் முறைக்குச் சொல்வாள். பெரும்பாலும், "இன்னிக்கு என் டீ ஆறிப்போச்சு" என்பதுதான்.

பிள்ளைகளில் ஒருத்திக்கு நத்தை என்று பெயர். மற்றவர்கள் செய்தித்தாளில் மூன்று குழல் சுருட்டுகிற நேரத்தில் அவள் ஒன்று சுருட்டுவாள். கேலி செய்தால், "நத்தைக்குச் சொந்த வீடு இருக்கு, உனக்கு இருக்கா?" என்பாள். அவள் அப்பா பல் டாக்டர். வீட்டுப் படிப்பு மனைவியின் கிறுக்கு என்பது அவர் கட்சி.

பிள்ளைகள் காகிதக் குழல்களால் பாலம் கட்டிக்கொண்டிருந்த வாரம், நத்தையின் அம்மா வாசலில் அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவங்க பார்க்க வர்ற நாள்ல இவ பாலம் நிக்கணும்கா. விழுந்துச்சுன்னா, 'இதுக்கா பிள்ளையை வீட்ல வச்சிருக்கே'ன்னு அவரு ஆரம்பிச்சிடுவாரு. அப்புறம் ஸ்கூல்தான்."

"அவ பார்த்துப்பா. நீ ஏன் கெடந்து தவிக்கிறே?"

"நீங்களும் கொஞ்சம் பார்த்துக்கோங்கக்கா."

அந்த 'கொஞ்சம்' காதிலேயே நின்றது. பெற்றோர் வருவதற்கு முந்தின நாள், பிள்ளைகள் போனபிறகு, இரண்டு முக்காலிகளுக்கு நடுவே கிடந்த நத்தையின் பாலத்தை அக்கா விரலால் அழுத்திப் பார்த்தாள். நடுவில் தொய்ந்தது. கை அரித்தது. ஒரே ஒரு குழலுக்குள் மூங்கில் குச்சியைச் செருகி, முனையை டேப் ஒட்டி மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இது எவ்வளவோ தேவலாம் என்று சிரித்தும்கொண்டாள்.

மறுநாள் ஒவ்வொரு பாலத்தின் நடுவிலும் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். நத்தையின் முறை வந்தது. ஒரே அளவாகப் பொறுக்கிய கிழங்குகளை அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். பாலத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"ஏழாவது கிழங்குல உடையும். இங்கதான் உடையும்."

"உடையும்னு சொல்லிட்டே கட்டுறியா? பலே இன்ஜினியர்!" என்றார் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறு போட்டாள். ஏழாவதைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள். பாலம் அசையவில்லை. எட்டு. ஒன்பது. பத்தாவதோடு கிழங்கு தீர்ந்துபோயிற்று. ஷெட்டே கை தட்டியது. நத்தை மட்டும் தான் தொட்டுக் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மகளைத் தூக்கிக்கொண்டார். "சும்மா பயந்தியே, பார்த்தியா?"

"பயப்படலப்பா. ஏழுன்னுதான்..."

"சரி சரி." அக்காவைப் பார்த்து, "நான் நெனச்ச மாதிரி இல்லம்மா. இங்கயே படிக்கட்டும்" என்றார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தை வெறும் பாலமா கட்டினாள்? தன் பாலம் எங்கே, எப்போது உடையும் என்று கண்டுபிடித்திருந்தாள். ஷெட்டில் அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிடம் இருந்தது. அவள் டாக்டருக்கு நன்றி சொன்னாள்.

அடுத்த வகுப்பில் வட்டமாக உட்கார்ந்தபோது நத்தை சொன்னாள்: "நான் ஏழுன்னு சொன்னது தப்பு. வீட்ல இதே மாதிரி மூணு பாலம் கட்டினேன். மூணும் ஏழுலதான் உடைஞ்சுது. எனக்கு எண்ணத் தெரியல போல."

பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள். பழக்கதோஷம். தட்டிய கையாலேயே தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நத்தை கத்தரிக்கோலை எடுத்தாள். "அக்கா, ஏன் உடையலன்னு பிரிச்சுப் பார்க்கவா?"

"வேண்டாம்டா கண்ணு. நல்லா நின்ன பாலத்தைப் போய்..."

பக்கத்திலிருந்த வாயாடிப் பையன் விடவில்லை. "பிரிச்சுப் பார்க்காம பேசக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? காய்ச்சலாக்கா உங்களுக்கு?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இருங்க," என்றாள் அக்கா. "வட்டத்துல நான் இன்னும் சொல்லல."

"டீ ஆறிப்போச்சு!" என்றான் வாயாடி.

"இல்லடா. அந்தப் பாலத்துக்குள்ள ஒரு குச்சி இருக்கு. நான்தான் வச்சேன்."

வாயாடி இரண்டு தட்டுத் தட்டினான். வேறு யாரும் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நத்தை அவசரப்படாமல் குழலை வெட்டினாள். குச்சியை உருவி முட்டியின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்போ ஏழு?"

"ஏழுதான். நீ சொன்னதுதான் சரி."

"நான் சரியாதான் எண்ணியிருக்கேன்!" முகம் அப்படி மலர்ந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது அக்கா தாங்கியிருப்பாள். மலர்ச்சி அடங்கியபின் நத்தை கேட்டாள்: "ஏன்கா வச்சீங்க?"

"உன்னால முடியலன்னு அப்பா நெனச்சிடுவாரோன்னு."

"நீங்க நெனச்சீங்களா?"

அக்கா தரையில் ஒட்டியிருந்த டேப்பைச் சுரண்டினாள்.

பல் டாக்டர் மகளை அழைத்துப்போக வந்தபோது அவரிடமும் சொன்னாள். அவர் குச்சியை வாங்கி, பிடுங்கிய பல்லைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ பாலம் நிக்காது."

"நிக்காது சார். ஆனா எப்போ விழும்னு அவ சொன்னா பாருங்க, அதான் பெரிசு. அதைப் பொய்யாக்கினது நான்."

"கட்டின பல்லைத் தன் சொந்தப் பல்லுன்னு பேஷன்ட் சொல்லிக்கலாம்மா. கட்டின நான் சொல்லலாமா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "டீச்சர் செஞ்சு குடுக்கணும்னா அதுக்கு ஸ்கூலே இருக்கே. அங்கயே சேர்த்துடறேன்." குச்சியைத் திருப்பிக் கொடுத்தார்.

கோப்பையோடு நின்ற அந்தப் பழைய பையன்தான் அக்காவின் கண்ணுக்குள் வந்தான்.

டாக்டரின் கார் தெருவில் திரும்பும்போது பின்கண்ணாடியில் நத்தையின் முகம் தெரிந்தது. ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் இரண்டு விரல், அப்படியே கண்ணாடியில் அழுத்திக் காட்டிக்கொண்டே போனாள். அக்கா கை அசைக்கவில்லை. குச்சியைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள். ஆணி தேட உள்ளே போனாள்.