ஐந்தாவது கோப்பை

பிள்ளையார்பட்டிக்குப் போய்வரவே இரண்டு தூக்கு நிறையப் புளியோதரை கட்டும் குடும்பம் எங்களுடையது. காரைக்குடியிலிருந்து அது கூப்பிடு தூரம். அப்படியானால் எனக்கு ஒன்பது வயதில் டிசம்பர் குளிரில் வியன்னாவுக்குப் போனபோது எவ்வளவு கட்டியிருப்போம் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பயணம் பெரியம்மாவின் ஆசை. பனி கொட்டுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று பெரியப்பாவை நச்சரித்து, அப்பா, அம்மா, நான் என்று ஐந்து பேருக்கும் டிக்கெட் போட வைத்தார். ஆனால் ஐப்பசியில் பெரியம்மாவே இரண்டே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் ஊர் சுற்றக் கிளம்புவதா என்று சொந்தபந்தம் முணுமுணுத்தது. “அவ பாக்கணும்னு சொன்னத நான் போயிப் பாத்துட்டு வாரேன்” என்று பெரியப்பா பேச்சை முடித்துவிட்டார்.

பெரியப்பாவுக்குச் செக்காலை ரோட்டில் பாத்திரக்கடை. அவர்கள் வீடு எங்களுக்கு அடுத்த வீடுதான் என்பதால் அங்கே பேசுவது தினமும் கேட்கும். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு “போயிட்டு வாரேன்” என்பார். அடுப்படியிலிருந்து பெரியம்மா “ம்” என்ற பிறகுதான் படியிறங்குவார். சில நாள் பெரியம்மா வேண்டுமென்றே பேசாமல் இருப்பார். இவரும் அசையாமல் நிற்பார்.

துக்கத்தன்று நான் பழக்கதோஷத்தில் பெரியப்பாவிடம் “போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. “எழவு வீட்டுல வாரேன்னு சொல்லப்படாதுடி. திரும்ப வரவேண்டியதாப் போயிரும்” என்றாள். செத்தவர்கள் இருக்கும் இடத்தில் வாய் தவறியும் அதைச் சொல்லக்கூடாது என்று அன்றைக்கு எனக்குப் பதிந்தது.

வியன்னாவில் ஹோட்டல் அறைகள் ஐந்து பேர் கணக்கிலேயே இருந்தன. மாற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. காலைச் சாப்பாட்டு மேசையில் தினமும் ஐந்து கோப்பைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பெரியப்பா தன்னுடையதை நிமிர்த்திவிட்டு, பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் இருந்ததையும் நிமிர்த்துவார். மூன்றாம் நாள் அந்தக் கோப்பையின் அடியில் ஒரு வாய் காப்பி மீந்து ஆறிக்கிடந்தது. யார் ஊற்றினார்கள், யார் குடித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் பெரிய தேவாலயத்துக்கு அடியில் இருந்த நிலவறைக்குப் போனோம். எப்போதோ கொள்ளைநோயில் செத்தவர்களின் எலும்புகளைக் கம்பி போட்ட சன்னல்களுக்குப் பின்னால், நம் ஊர்க் கடையில் விறகு அடுக்குவது போல அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லோரும் மேலே ஏறத் தொடங்கியதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“பேசாம ஏறு. திரும்பிப் பாக்காத.”

திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா மட்டும் கடைசியாக ஒரு சன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்குக் கிளம்பும் அதே குரலில் “போயிட்டு வாரேன்” என்றார். சொல்லிவிட்டு அசையாமல் நின்றார். உள்ளே இருட்டிலிருந்து “ம்” என்று ஒரு சத்தம் வந்தது.

பெரியப்பா தெரியாமல் சொல்லிவிட்டார், அந்த ஊர்ச் செத்தவர்களில் யாரோ சரியென்றும் சொல்லிவிட்டார்கள். இனி பெரியம்மாவைப் போல இவரும் போய்விடுவார். அம்மாவின் கையை உதறிக்கொண்டு கீழே ஓடினேன். கம்பியில் முகத்தை வைத்து, “எங்க பெரியப்பா வரமாட்டாக! தெரியாமச் சொல்லிட்டாக! நீங்க காத்துக்கிட்டு இருக்காதீக!” என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து சில்லென்று ஒரு காற்று வந்து என் முகத்தில் பட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. வெகுநேரம் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் ஆத்தா அப்படிச் சொன்ன?”

“உங்களக் காப்பாத்தத்தான்” என்றேன்.

மேலே வந்தபோது இருட்டிவிட்டிருந்தது. மூன்று நாளாக ஏமாற்றிக்கொண்டிருந்த பனி பூப்பூவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் அண்ணாந்து பார்த்தோம். பெரியப்பா தலை நிமிரவே இல்லை.

மறுநாள் ஐந்தாவது கோப்பை கவிழ்த்தபடியே கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்குத் திரும்பியும் கவனித்தேன். பெரியம்மா போன பிறகும் கடைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுச் சற்று நேரம் வாசலில் நின்றுகொண்டிருந்த மனிதர், இப்போது சொல்வதும் இல்லை, நிற்பதும் இல்லை. செருப்பை மாட்டியதும் விறுவிறுவென்று போய்விடுவார். பேய்களிடமிருந்து பெரியப்பாவை மீட்டு வந்த கதையைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அந்த “ம்” நான் பிறந்ததிலிருந்து தினமும் காலையில் அடுத்த வீட்டிலிருந்து கேட்ட குரல். அந்த வயதில் எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.