போணிக் காசு

பாண்டி பஜாரில் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஒரு பிரச்சார வேன் சிக்னலில் வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் இருந்த பெரிய திரையில் என் அக்காவைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கை நீண்டு ரூபாய் நோட்டைக் கொடுக்கிறது. அக்கா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொள்கிறாள். எல்லாம் மெதுவாக நகர, பின்னால் புல்லாங்குழல். "எம் புள்ளைங்க வயித்துல பால வார்த்த சாமி" என்று ஒரு பெண் குரல் தழுதழுக்கிறது. அது அக்காவின் குரல் இல்லை. அக்காவுக்குப் பிள்ளைகளும் இல்லை. அம்மா போன பிறகு பட்டினப்பாக்கத்தில் மீன் விற்று அவள் வளர்த்த ஒரே பிள்ளை, தங்கையான நான்தான்.

அடையாறில் ஒரு கல்லூரியில் நான் ஊடகவியல் சொல்லித்தருகிறேன். அரசியல் விளம்பரத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் என் பாடம். சாதாரண ஆளைச் சாட்சியாக நிறுத்துவார்கள், ஊரே எங்கள் பக்கம் என்று கூட்டத்தைக் காட்டுவார்கள், எதிராளியை இருட்டில் நிறுத்திப் பயமுறுத்துவார்கள் என்று வரிசையாகச் சொல்வேன். படத்தில் இருப்பதை விடுங்கள், படத்துக்கு வெளியே தள்ளியது என்ன என்று கேளுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துவேன். அன்று சிக்னலில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வெளியே தள்ளப்பட்டிருந்தது மீன் கூடை.

அது போணி. காலையில் முதல் வியாபாரத்தில் வரும் காசைக் கண்ணில் ஒற்றி, தராசைத் தொட்டுவிட்டு, அப்புறம்தான் அக்கா சுருக்குப்பையில் போடுவாள். பேரம் பேசியே உயிரை வாங்குகிறவர் கொடுத்தாலும் அதே மரியாதைதான். மரியாதை கொடுத்தவருக்கு இல்லை, அன்றைய பிழைப்புக்கு. விளம்பரக்காரர்கள் ஒருநாள் விடிந்ததும் வந்து, கடலோர வாழ்க்கையைப் பற்றிப் படம் எடுக்கிறோம் என்று சொல்லி, சங்கரா மீன் வாங்கியிருக்கிறார்கள். முதல் போணி ஆயிற்றே என்று அக்கா ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டு, செதிலும் சீவிக் கொடுத்தாளாம். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அப்போது மீன் கடைகளைச் சாலையோரத்திலிருந்து தூக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் இடத்துக்கு உறுதி சொல்லும்வரை எந்தக் கட்சிக்காரரிடமும் ஒரு பைசா வாங்கக் கூடாது, யாருக்கும் கைகூப்பக் கூடாது என்று கடைக்காரப் பெண்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்திருந்தார்கள். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னவள் அக்காதான். முதலில் கற்பூரத்தின் மேல் கையை நீட்டியவளும் அவள்தான்.

நான் ஆட்டோ பிடித்து அக்காவின் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் படம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்துக் கடைக்காரி அக்காவின் சிறு வயதுத் தோழி. அவள் தன் போனை அக்காவின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா இது? எங்கள சத்தியம் பண்ண வச்சிட்டு நீ மட்டும் துட்டு வாங்கிக்கினியா?"

"போணி துட்டுடி அது. சங்கரா வாங்கிக்கினு போனான். நீ அப்ப ஐஸ் எடுக்கப் போயிருந்த."

"போணிக்கு நானுந்தான் கண்ல ஒத்திக்கிறேன். என்னிக்காவது இப்டி அழுதுகினே ஒத்திக்கினேனா?"

நான் போனை வாங்கினேன். நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். கூடை எங்கே போயிற்று பார், குரல் யாருடையது கேள் என்றேன். மெதுவாக ஓட்டினால் எந்த முகமும் அழும், கண்ணை மூடித் திறப்பதுகூட அழுகையாகத் தெரியும் என்றேன். நீ காசு வாங்குவதையும் என் போனில் படம் எடுத்து, மெதுவாக ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். வகுப்பில் பிள்ளைகள் உற்சாகமாகத் தலையாட்டும் பாடம்தான். தோழி பொறுமையாகக் கேட்டாள்.

"நீ படிச்சவ, நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அத பாக்கும்போது எனக்கு நெஞ்சு பக்குனு ஆச்சே, அது பொய்யா?" என்றாள்.

தினமும் காலையில் தானே செய்கிற காரியத்தை, புல்லாங்குழல் சேர்ந்ததும் அவளால் அடையாளம் காண முடியவில்லை. அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வேன் முன்னால் நின்றபோது அந்தப் புல்லாங்குழல் என்னிடமுமே ஒரு நொடி வேலை செய்தது.

அதன் பிறகு யாரும் அக்காவிடம் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. விடியற்காலையில் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் அவளுக்கு இடம் போட்டு வைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவள் தனியாகப் போய், கூடையைத் தானே தூக்கி இறக்கி, மற்றவர்களுக்குப் பின்னால் வந்து கடை விரித்தாள். கொஞ்ச நாளில் எதிர்க்கட்சியும் ஒரு விளம்பரம் விட்டது. அதே அக்கா, அதே கை. இந்த முறை புல்லாங்குழலுக்குப் பதிலாக உடுக்கைச் சத்தம், நோட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், கீழே 'விலை போனவர்கள்' என்று கொட்டை எழுத்து. இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஒரு பெண்ணின் போணி போதுமாயிருந்தது. ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது.

தேர்தல் முடிந்தது. வேன்கள் போயின. கடைகளை யாரும் தூக்கவில்லை, யாரும் உறுதியும் சொல்லவில்லை. ஒருநாள் அந்தத் தோழி ஆட்டோவில் நகர்ந்து உட்கார்ந்து, "வா, ஏறு" என்றாளாம். அக்கா போனில் இதை இரண்டு முறை சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே கிளம்பிப் போனேன். அக்கா அப்போதுதான் கூடையைத் திறந்திருந்தாள். நான்தான் முதல் ஆள். வஞ்சிரம் துண்டு போடச் சொல்லி, நோட்டை நீட்டினேன். என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்று எப்போதும் செய்யும் வம்பைச் செய்துவிட்டு, போணிக்காக வாங்கிக்கொண்டாள். பழக்கத்தில் கை முகத்தருகே போயிற்று. அங்கேயே நின்றது. எதிரே டீக்கடையில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள், கையை இறக்கி, நோட்டை மடித்து நேராகச் சுருக்குப்பைக்குள் செருகினாள்.

"கண்ல ஒத்திக்கலியாக்கா?"

"வோணாம்டி" என்றாள், கத்தியை எடுத்துக்கொண்டே. "எவன் எங்கருந்து பாத்துக்கினு கீறானோ."