தண்ணீர் லாரிக்கு முன்னால் விழுந்த உதை

இரண்டாவது பிரசவத்தில் என் மனைவி பிழைத்ததே பெரிது. இதய வால்வு பழுது என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு கர்ப்பத்தை அவள் உடம்பு தாங்காது, அவளுக்குக் கருத்தடை அறுவை செய்வதும் ஆபத்து என்றார் டாக்டர். ஆகவே நான் செய்துகொண்டேன். மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, தினமும் வேலைக்குப் போகும் ரயிலிலேயே பெங்களூர் போய்.

கத்தி வைக்கவில்லை. விதைப்பை மரத்துப்போக ஊசி, தோலில் சின்னத் துளை. விந்துக்குழாயை வெளியே இழுத்து, இடுக்கி போன்ற கருவியின் வாயில் கவ்வவிட்டு, மின்சூட்டில் நசுக்கி ஒட்டினார்கள். பொசுங்கும் வாடை வந்தது. மறுபக்கமும் அப்படியே. ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்துப் பார்க்கும்வரை நம்பிவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஞாயிறு காலை கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லைனுக்குத் தண்ணீர் லாரி வந்தது. எங்கள் லைனில் லாரித் தண்ணீரைச் சுமப்பது ஆண்கள். அன்று நான் வாசலில் நிற்க, நான் தடுத்தும் கேளாமல் அவள் குடத்தோடு போனாள். நிரப்பித் திரும்புகையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் நின்ற என் அண்ணன் பார்த்துவிட்டார்.

"இன்னாடா, நெஞ்சு நோவுக்காரிய தண்ணி தூக்க வுட்டுட்டு மைனர் மாதிரி நிக்கிற?"

"வெயிட் தூக்கக் கூடாதுண்ணா. குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கினேன்."

"காளைக்குக் காயடிக்கிற மாதிரியா?" என்றார் வரிசையில் ஒருவர். லைன் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பை அண்ணனால் தாங்க முடியவில்லை. முதல் அறையிலேயே என் உதடு கிழிந்தது. "ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. வம்சத்தையே கருக்கிக்கினு வந்து நிக்கிறியேடா!" சட்டையைப் பிடித்து லாரி வரைக்கும் இழுத்துப்போய், சரியாகத் துளை போட்ட இடத்திலேயே உதைத்தார். சேற்றில் சுருண்டேன். விலாவில் இன்னொரு உதை.

"அவளுக்குப் பண்ணிவுட வேண்டியதுதான? ஊர்ல பொம்பளைங்க பண்ணிக்கல?"

"எனக்குப் பண்ணா செத்துடுவேன் மாமா!" என்று கத்தினாள் அவள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. தண்ணீரோடு குடத்தை வீசி அவர் தலையில் அடித்தாள். அண்ணனின் காது கிழிந்து தோளெல்லாம் ரத்தம். மறுபடி ஓங்கியவளை நாலு பேர் பிடித்தார்கள்.

எனக்கு விதைப்பை கறுத்து, தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் என் வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"ஒட்டுனது வுட்டுப்போச்சா டாக்டர்?"

"ரத்தம்தான் கட்டியிருக்கும்மா. ஒட்டு நின்னுதா இல்லையான்னு டெஸ்ட்லதான் தெரியும்."

வைகாசி முடியும்வரை பிள்ளைகளை நடுவில் போட்டுப் படுத்தோம். பரிசோதனையில் உயிரணு ஒன்றுகூட இல்லை. அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்காக இல்லை, செத்துப்போக மாட்டோம் என்று.

அடுத்த வாரம் அண்ணன் மாம்பழத்தோடு வந்தார். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"புள்ளைங்கள வெளிய அனுப்புறேன் மாமா, பாத்துட்டுப் போங்க. உள்ள வராதீங்க."

என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை.