அத்தானின் இரும்பு அலுமாரி

டூங்கபி என்கிற புறநகரில் என் அக்கா வீட்டுக் கராஜின் பின்சுவரோடு ஆளுயர இரும்பு அலுமாரி ஒன்று நிற்கிறது. தடித்த போல்ட்டுகளால் செங்கல்லோடு சேர்த்து இறுக்கியது. கழற்ற ஆள் பிடிக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருக்கிறாள், பிடிக்கிறாள் இல்லை. இப்போது அதற்குள் அரிசி மூட்டையும் செத்தல் மிளகாய்ப் பையும் கிடக்கின்றன. முன்பு அத்தானின் துவக்குகள், வேட்டைத் துப்பாக்கிகள், இருந்தன. மற்றவர்கள் புதுவீட்டில் பால் காய்ச்சிய கையோடு சாமியறைக்கு இடம் பார்ப்பார்கள். எங்கள் அத்தான் இந்த அலுமாரிக்குச் சுவர் பார்த்தார். லைசென்ஸுக்காகச் சோதிக்க வந்த பொலிஸ்காரர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு ‘வெரி குட்’ சொன்னதை, பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தது மாதிரி வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அம்மா மட்டும் அந்த நாளில் கராஜுக்குள் கால் வைத்ததில்லை. மழை கொட்டினாலும், முழங்கால் வலியோடு கடைப் பைகளையும் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகச் சுற்றித்தான் வருவார். "ஏனம்மா இந்தக் கூத்து?" என்று அக்கா கத்துவாள். "எனக்கு அந்த எண்ணெய் மணம் ஒத்துவராது பிள்ளை" என்பார் அம்மா.

அத்தானைப் பற்றிக் கெட்டதை மட்டும் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என்னையும் அம்மாவையும் இந்த வெள்ளைக்கார நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்துவிட்டவர் அவர். நாங்கள் வந்திறங்கிய காலையில், விமான நிலைய வாசலில் குளிரில் நடுங்கிய எனக்குத் தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் சேட்டோடு நின்று கார்க் கதவைத் திறந்தவர். டிரெய்லர் செய்கிற பட்டறையில் வெல்டர். வாயும் பெரிது, மனமும் பெரிது, கோபம் இரண்டையும்விடப் பெரிது. ஊரில் சண்டைக்காலத்தில் நடந்ததைப் பட்டறைக்காரர்களுக்கு விளங்கப்படுத்திவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி இருந்தது. தேநீர் நேரத்தில் தொடங்குவார். அவர்கள் பாவம் பார்க்கிற முகத்தோடு, "வெரி சாட், மேட்" என்று சொல்லிவிட்டுப் பந்தாட்டப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். அன்று இரவு சாப்பாட்டுக் கோப்பை மேசையில் டங்கென்று விழும். "நாய்க்குச் சொன்னாலும் காதைத் தூக்கும், இவங்கள் கேக்கிறாங்கள் இல்லையடா" என்பார். அவருடைய தம்பியை வயல் வரம்பில் வைத்து அரசாங்க ஆமி சுட்டுக் கொன்றது. மண்வெட்டியோடு போன பெடியன். கூப்பிட்டு விசாரிக்கக்கூட இல்லை.

பட்டறையில் ஒருத்தன் அவரை மேற்கே காட்டுப்பன்றி வேட்டைக்கு அழைத்துப் போனான். திரும்பி வந்தது வேறு மனிதர். லைசென்ஸ் எடுத்தார், துவக்குச் சுடும் கிளப்பில் சேர்ந்தார், அலுமாரி வந்தது. கிளப்பின் தலைவர் ஒரு வெள்ளைக்கார முதியவர். மரியாதையானவர், அக்கா வீட்டுக்கு வந்து கையால் பிசைந்து இடியப்பம் சாப்பிட்டவர். எங்கேயாவது யாராவது ஆட்களைச் சுட்டு, துவக்குச் சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்ற பேச்சுக் கிளம்பினால் போதும், அவர் ஒரு பேச்சு வைத்திருந்தார். விரலை ஒவ்வொன்றாக மடக்குவார். ஜெர்மனிக்காரன், ரஷ்யாக்காரன், கம்போடியாக்காரன். முதலில் சனத்திடம் துப்பாக்கியைப் பறித்தான், பிறகு ஆட்களைக் கொண்டுபோனான். ஒருவர் வீட்டில் எத்தனை துவக்கு வைத்திருக்கலாம் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதிலாக நச்சுவாயு அறையில் செத்தவர்களை எழுப்பிக் கொண்டுவந்து மேடையில் நிறுத்துவார். என்ன மனிதர்களப்பா! துவக்கே வேண்டாம் என்கிற மற்றப் பக்கம் மட்டும் என்ன சுத்தமா? கிளப் கூட்டம் நடக்கிற மண்டபத்துக்கு வெளியே பதாகை பிடித்து நின்ற இளசுகள் உள்ளே போகிற ஒவ்வொருவரையும் பார்த்து "நாஸி" என்று கத்தினார்கள். அத்தானையும் பார்த்துத்தான். நெற்றியில் திருநீறோடு போன டூங்கபி வெல்டர், நாஸியாம்!

ஆனால் ஜெர்மனியும் ரஷ்யாவும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு. தலைவருக்குப் புதிதாக ஒன்று, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. அத்தானைக் கேட்டார். உன் நாட்டிலும் அப்படி நடந்ததா என்று கேட்டார்.

அப்பாவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வயலுக்குப் பன்றி வரும். அதற்காக அப்பா ஒரு வேட்டைத் துவக்கு வைத்திருந்தார். லைசென்ஸ் உள்ளது. நிலைமை கெட்டதும், லைசென்ஸ் துவக்குகளையெல்லாம் பொலிஸ் நிலையத்தில் கொண்டுவந்து கொடுக்கும்படி அரசாங்கம் அறிவித்தது. அதே கிழமை, ஆமியை எதிர்த்து நின்ற இயக்கப் பெடியளும் வீடு வீடாகத் துவக்குச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். பொலிசுக்குக் கொடுத்தால் பெடியளுக்குத் துரோகி. பெடியளுக்குக் கொடுத்தால் ஆமி வந்து கேட்கும். அப்பா இரண்டு பேருக்கும் கொடுக்கவில்லை. சாக்கில் சுற்றி வைக்கோல் போருக்குள் செருகிவிட்டு, களவு போய்விட்டது என்று சொன்னார். பெடியள் ஒரு மத்தியானம் வந்தார்கள். வைக்கோலை இழுத்தார்கள். வேலை செய்யுதோ எண்டு பாப்பம் என்று ஒருத்தன் சொன்னான். கிணற்றடியில் வைத்து, அப்பாவின் துவக்காலேயே அப்பாவைச் சுட்டார்கள். எனக்கு ஏழு வயது. அம்மா சமையல் நடந்துகொண்டிருந்த குசினி வாசலில் என் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் கண்ணைப் பொத்த ஆளில்லை.

பெடியள் சுட்டது என்று சொன்னால் நாங்கள் துரோகி குடும்பம். செத்த வீட்டுக்கு வந்த சனம் எல்லாம் தெரிந்துகொண்டே "ஆமி" என்றது. அம்மாவும் ஆமி என்றார். அக்கா அப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதைத்தான் சொன்னோம். பிறகு ஒவ்வொரு திவசத்துக்கும் சொல்லிச் சொல்லி அந்தக் கதை வளர்ந்தது. துவக்கைப் பொலிசில் கொடுத்தார், பிறகு ஆமி வந்து சுட்டது. அக்காவைக் கட்டிய அத்தான் அதை அப்படியே நம்பினார். அவரைப் பிழை சொல்ல முடியாது. பொய் சொன்னதும் அவர் இல்லை.

அத்தான் கிளப் கூட்டத்துக்கு அம்மாவை வரச்சொல்லிக் கேட்டார். "மாமி, நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. முன்னுக்கு வந்து இருந்தாக் காணும்." அம்மாவுக்கு மருமகன் கேட்டு மறுத்துப் பழக்கமில்லை. வெள்ளைச் சேலை உடுத்து முதல் வரிசைக் கதிரையில் இருந்தார். இங்கே டொக்டரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் பிள்ளைகள்தான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்ல வேண்டும். அன்றும் அது என் வேலை. தலைவர் விரல் மடக்கி முடித்ததும் அத்தான் மைக்கைப் பிடித்தார். என் மாமனாரிடம் ஒரு துவக்கு இருந்தது என்றார். அரசாங்கம் கேட்டது, சட்டத்தை மதிக்கிற மனிதர், கொடுத்தார், பிறகு அதே அரசாங்கத்தின் ஆமி வந்தபோது அவர் வெறுங்கையோடு நின்றார் என்றார். பட்டறையில் ஒருத்தனும் கேட்காத மனிதரின் வாயை இருநூறு முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்றார் அம்மா. நான் சொன்னேன்.

"கொப்பர் குடுத்தவராமோ?" உங்கள் அப்பா என்பதை அம்மா அப்படித்தான் சொல்வார்.

"ஓம்."

"ஆர் அவருக்குச் சொன்னது?"

"நீங்கள்தான் அம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். எழும்பி, அம்மாவின் பக்கம் திரும்பி நின்று கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் அழுதுகொண்டே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். அம்மா "தாங்க்யூ, தாங்க்யூ" என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குப் பொருந்தக்கூடியது அதுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றாமலே குசினியில் நின்றபடி அம்மா எல்லாவற்றையும் சொன்னார். வைக்கோல் போர், பெடியள், கிணற்றடி. "எனக்கும் பொய்தானோ சொன்னனீங்கள்?" என்றாள் அக்கா. அத்தான் அழுதார். நடிப்பில்லை, உண்மையாகவே குலுங்கி அழுதார். "மாமி, என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றார். இனி அந்தக் கதை முடிந்தது என்று நான் நம்பினேன், மடையன்.

அடுத்த மாதம் இன்னொரு ஊர்க் கூட்டத்தில் அத்தான் அதையே பேசினார். சொல் மாறவில்லை. வெறுங்கை என்ற இடத்தில் இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிற பழக்கம் மட்டும் புதிதாக வந்திருந்தது. கராஜில் வைத்து அவரைப் பிடித்தேன். அலுமாரியைத் திறந்துவைத்து ஒரு துவக்கை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையோ அத்தான்? அம்மா அவ்வளவு சொன்ன பிறகும்?"

"இவ்வளவு காலம் தொண்டை கிழியக் கத்தினன். ஒருத்தன் திரும்பிப் பாத்தவனோ? இப்ப எழும்பி நிண்டு கைதட்டுறாங்கள். பெடியள் சுட்டவங்கள், ஆமி தேடினது எண்டு இழுத்துக்கொண்டிருந்தா இவங்களுக்கு விளங்குமோடா?"

"செத்தது எங்கட அப்பா. உங்கட தம்பியின்ர கதையைச் சொல்லுங்கோவன். அவனைச் சுட்டது ஆமிதானே!"

அத்தான் துடைப்பதை நிறுத்தினார். "முதல்ல அதைத்தானடா சொன்னனான்," என்றார். "தலைவர் முழுக்கக் கேட்டவர். நல்ல கதை, ஆனா அவனிட்டைத் துவக்கு இருக்கேல்லையே எண்டவர்."

அன்று வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை. யார்மேல் என்றுதான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மண்வெட்டியோடு போன பெடியன் யாருக்கும் உதவமாட்டான். துவக்கு இருந்தபடியால் எங்கள் அப்பா உதவினார், அதுவும் பொய்யாய்ச் செத்தால்தான் உதவினார். சர்வாதிகாரிகள் கொன்றவர்களைப் பற்றி அவ்வளவு உருகுகிற சபை, செத்தவன் ஒருத்தனைப் பிரயோசனமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு அத்தான் வேறு பிணம் தேடியிருக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அம்மா அக்கா வீட்டைவிட்டு வெஸ்ட்மீட்டில் என் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். சண்டை எதுவும் போடவில்லை. அத்தான் பண்டிகைக்கு வந்து காலில் விழுந்தால் திருநீறு பூசிவிடுவார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். போன வருடம் அத்தான் பட்டறையிலேயே மாரடைப்பில் விழுந்தார். கிளப்காரர்கள் எல்லாரும் கோட் போட்டுக்கொண்டு செத்த வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் பெட்டியருகில் நின்று உண்மையாகவே கண்கலங்கி, அத்தானின் மாமனாரின் வெறுங்கையைப் பற்றி இன்னொரு தடவை சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அன்று நான் தமிழில் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிறகு அக்கா பொலிசுக்கு அறிவித்துத் துவக்குகளைக் கொடுத்துவிட்டாள். இரண்டு பேர் வந்து, கையெழுத்து வாங்கி, "சொரி ஃபோர் யுவர் லொஸ்" சொல்லிவிட்டு எடுத்துப் போனார்கள்.

இப்போது மறுபடியும் சட்டத்தை இறுக்குகிற பேச்சு. மறுபடியும் ஜெர்மனிக்காரன், ரஷ்யாக்காரன். கூடவே அத்தானும். அத்தானின் பேச்சைக் கிளப் எடுத்துவைத்திருந்த பழைய வீடியோ போன் போனாகச் சுற்றி, மெல்பேர்னில் இருக்கும் மச்சாள் மூலம் எங்கள் குடும்பக் குழுவுக்கே வந்து சேர்ந்தது. ‘எங்கட மாமாவின்ர கதை, எல்லாருக்கும் அனுப்புங்கோ’ என்று எழுதியிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா குசினியில் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதையைப் பார்க்கவில்லை அவள். அத்தானின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் வடிந்தது.

அம்மா அரிசி புடைக்கிற சுளகை எடுத்தார். "அரிசி எங்க பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கராஜ் கதவைத் திறந்து உள்ளே போனார். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்னாலே ஓடினோம். அக்காவின் போன் குசினி மேசையில் பேசிக்கொண்டு கிடந்தது. அம்மா இரும்பு அலுமாரியைத் திறந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு மூலை மூலையாகத் தடவினார்.

"எல்லாத்தையும் குடுத்திட்டியோ?"

"ஓம் அம்மா. பொலிசிட்டைக் குடுத்தாச்சு."

"பிறகு ஆரும் வந்து கேட்டவையோ, ஏன் குடுத்தனி எண்டு?"

"ஆரம்மா வந்து கேக்கிறது?" என்றாள் அக்கா. "இங்க ஆரும் வரமாட்டினம்."

அம்மா சுளகில் அரிசியை அள்ளிக்கொண்டார். அலுமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"அப்ப கொப்பர் இங்க இருந்திருந்தாக் குடுத்திருப்பார்," என்றார்.

குசினியில், அத்தானுக்கு எழும்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.