நிறுத்து என்று சொல்லக் கூடாத பட்டறை

பாம்பன் கரையில் நிற்கிற இந்தப் படகுப் பட்டறையைக் கட்டியவன் நான். கருவேலங்காட்டை வெட்டியது நான், படகை வடம் கட்டி இழுக்கிற விஞ்சுக்கு மேடை போட்டது நான், கடல்வரை சரிவு இறக்கியது நான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. 'இவன் ஓட்டை வள்ளத்தைக்கூட அடைக்க மாட்டான்' என்று சிரித்தவர்களின் பேரன்மார் இன்று என்னிடம்தான் போட்டு, அதாவது விசைப்படகு, கட்டிக்கொள்கிறார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் போட்டு கடலை நோக்கி நகர ஆரம்பித்துவிட்டால், தண்ணீரைத் தொடும்வரை யாரும் 'நிறுத்து' என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்தப் போட்டுக்குத் தொழில் நின்றுபோகும். பட்டறையில் அதைச் சட்டமாக்கியது நானேதான். வாய் தவறிச் சொன்ன ஒருவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு போட்டை இறக்கினோம். மேலே விஞ்சுக்காரன் கம்பிவடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். கீழே ஒடிசாக்காரர் ஒருவர் போட்டின் அடிக்கட்டைக்கு முன்னால் பனந்துண்டுகளை உருட்டி உருட்டி வைத்தார். மூன்று பிள்ளைக்காரர். பாதிச் சரிவில் ஒரு துண்டு புரண்டு அவர் காலை அமுக்கிக்கொண்டது. நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். விஞ்சுக்காரனுக்குப் போட்டே மறைப்பு. போட்டு இறக்குவதற்காகக் கொளுத்திய வெடிச் சத்தத்தில் அவர் அலறலும் மேலே எட்டவில்லை.

போட்டு வந்துகொண்டே இருந்தது. இரண்டு முழம். ஒன்றரை முழம்.

'நிறுத்து' என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. நானே பூட்டி வைத்த சொல் அல்லவா? ஒரு சரம் வெடித்து ஓய்ந்த நொடியில் தொண்டையிலிருந்து வேறொன்று கிளம்பியது.

"பஸ்!"

நமக்கு அது ராமநாதபுரம் போகிற வண்டி. நான் வளைகுடாவில் சாரம் கட்டிய காலத்தில் அரபி மேஸ்திரி அந்தச் சொல்லைச் சொன்னால் கையில் இருப்பது அப்படியே நிற்க வேண்டும். இந்திக்காரர்களுக்கும் அது 'போதும்' தான். விஞ்சுக்காரனும் அந்த வளைகுடா வெயிலைத் தின்று திரும்பியவன். யோசிக்காமல் பிரேக்கை மிதித்தான். வடம் விறைத்து முனகியது. முழங்காலுக்கு நான்கு விரல் தள்ளி அடிக்கட்டை நின்றது. துண்டைப் புரட்டி ஆளை இழுத்தோம். தோல் உரிந்திருந்தது, எலும்பு தப்பியது.

போட்டுக்காரர் ஓடி வந்தார்.

"என்ன மாமா, நடுச்சரிவுல நிப்பாட்டிட்டீகளே! என் தொழிலு என்னத்துக்காவும்?"

"ஏலே, காலு போனா நீயா குடுப்ப?"

"சட்டம் போட்டதே நீங்கதான?"

தரையில் கிடந்த ஒடிசாக்காரர் கையை உயர்த்தினார். "பஸ், சேட்டு, பஸ்," என்றார். சண்டை நின்றது.

மறுநாள் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன். 'ஆபத்தென்றால் யாரும் நிறுத்து என்று சொல்லலாம்' என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஆனால் டீக்கடையில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. விஞ்சுக்காரன் கண்ணால் பார்த்து நிறுத்தினானாம். அவனும் மறுக்காமல் டீயைக் குடிக்கிறான். பிரேக்கை மிதித்தது அவன் கால், ஒப்புக்கொள்கிறேன். மிதிக்க வைத்தது என் வாய். இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சட்டம் போட்டவன் நான் என்பதையும் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். கத்தியவன் நான் என்பதை மட்டும் விடாதீர்கள்.